மரத்துப்போகாத கழுத்து

கண் ஆபரேஷன் என்றால் மயக்கம் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. வயதானவர்களுக்குக் கண்ணையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் மட்டும் மரத்துப்போக வைப்பார்கள். மீதி ஆள் முழுசாக விழித்துக்கொண்டு மேஜைமேல் கிடப்பான். இனி போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கோதண்டம் ஊசிக்குப் பயந்துபோய் ஆபரேஷன் நடக்கும்போதே தலையைத் தூக்கிவிட்டான், அதனால்தான் அவன் கண் கெட்டது என்று. டீக்கடையில் என்னை உட்கார வைத்துக்கொண்டே இதைச் சொல்லிச் சிரித்தார்கள். கோதண்டம் நான்தான். எழுபதைத் தாண்டியவன். தலையைத் தூக்கியது உண்மை. பயந்து தூக்கவில்லை.

எனக்கு இருந்தது ஒரே கண். இடது கண்ணை வாலிபத்தில் கரும்புத் தோகை கிழித்தது. நாட்டு மருந்து போட்டுப் பார்த்ததில் கருவிழியில் பூ விழுந்து, வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிகிற கண்ணாகிவிட்டது. வலது கண்ணை வைத்துக்கொண்டே கல்யாணம் செய்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, ஏரிக்கரைக் கழனியில் குத்தகைக்குப் பயிர் வைத்துக் காலத்தை ஓட்டினேன். கழனி என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கையில் இருக்கிறது. கையில் என்றால் உழுவது நாங்கள், நிலம் அவர்களுடையது. எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

அவர்கள் என்றால் பெரிய வீட்டுக்காரர்கள். இப்போது இருப்பவர் என்னைவிட இரண்டொரு வயது சின்னவர். வாயைத் திறந்தால் எனக்கு 'ஐயா' என்றுதான் வரும். எழுதும்போதாவது நிலத்துக்காரர் என்று எழுதிக்கொள்கிறேன். கையை யாரும் பார்க்கப்போவதில்லை.

வலது கண் மங்கியதை முதலில் மலைதான் காட்டிக்கொடுத்தது. எங்கள் கழனி வரப்பில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். அது ஒவ்வொரு மாதமாகக் கரைந்து, ஒரு நாள் அந்த இடத்தில் வெறும் வானம்தான் இருந்தது. மேகம் என்று இருந்துவிட்டேன். பிறகு நாற்று நட்ட வயலில் களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். வரப்போடு வந்த நிலத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டார். கண் தெரியாதவனிடம் கழனியை விட்டால் என்ன ஆகும் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவர் போனபிறகும் வரப்பிலேயே நின்றது. சீக்கிரம் பார்வை வராவிட்டால் கழனி போய்விடும் என்பது எனக்குப் புரிந்தது, என் மனைவி அஞ்சலைக்கும் புரிந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புரை என்றார்கள். கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு லென்ஸ் இருக்கிறது, வயதானால் அது பழுத்து மங்கிவிடும், அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் சரியாகிவிடும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் உங்களுக்கு ஒரே கண் என்பதால் கொஞ்சம் கவனமாகச் செய்யவேண்டும் என்றும் சொன்னார். சென்னையிலிருந்து வந்த டாக்டர், நல்ல மனுஷர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைத் தெளிவாகவே எழுதிவைக்கிறேன்.

இந்தச் செய்தி நிலத்துக்காரர் காதுக்குப் போனதும் அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் புரை முற்றியிருந்தது. மகன் எத்தனையோ முறை சொல்லியும் ஊசிக்குப் பயந்து தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். கண்ணில் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்த்துவிடும். ரெண்டு பேரும் ஒரே நாளில் செய்துகொள்வோம், என் காரிலேயே போய்வரலாம் என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார் கதவைத் திறந்து ஏறும்போதுதான் மீதியைச் சொன்னார்.

"நீ மொதல்ல ஊசி போட்டுக்கினு வந்து இன்னா ஏதுன்னு எனக்குச் சொல்லு. அப்புறம் நான் போறேன்."

முன் சீட்டில் அவர் மகன், பின் சீட்டில் அவரும் அஞ்சலையும் நானும். அஞ்சலை கதவோடு ஒட்டிக்கொண்டு, கால் படாமல் மடக்கி உட்கார்ந்து வந்தாள். 

ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத்தைப் படம் எடுப்பது. கண்ணின் நீளத்தை அளந்து எந்த லென்ஸ் பொருந்தும் என்று கணக்குப் பார்க்கும் ஒரு மெஷின். கண்ணின் ஓரத்திலிருக்கும் சின்னத் துளையில் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, தொண்டையில் உப்புக்கரிக்கிறதா என்று கேட்டார்கள். கரித்தால் கண்ணீர்ப் பாதை அடைக்கவில்லை, சீழ் இல்லை, ஆபரேஷன் செய்யலாம் என்று அர்த்தமாம். எனக்குக் கரித்தது.

இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர். சடையன் என்று பெயர். மரவள்ளி போட்டிருக்கிறாராம். மலையிலிருந்து பஸ் மாறிமாறித் தனியாகவே வந்திருந்தார். நிலத்துக்காரர் அந்தப் பக்கமாக வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். சடையன் எழவில்லை, காலைக்கூட மடக்கவில்லை. மூன்றாவது தடவை நான் எழுந்து உட்கார்ந்தபோது அவர் கேட்டார்.

"அவரு உங்களுக்கு இன்னா ஒறவு?"

நிலத்துக்காரர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சுருட்டி வைத்திருந்த துண்டைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டார். 

ஆபரேஷன் அன்று காலையில் இட்லி சாப்பிடலாம் என்றார்கள். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும், இதற்கு வேண்டாம். வயதானவர்களுக்கு இதயம் பழசு, நுரையீரல் பழசு. முழுசாகத் தூங்க வைத்து எழுப்புவதில் தொல்லைகள் வரலாம். கண்ணை மட்டும் தூங்க வைத்தால் போதும், முடிந்ததும் காபி குடித்துவிட்டு நடந்தே போகலாம் என்று ஒரு நர்ஸ் விளக்கினாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கண் தூங்கும்போது காது விழித்திருக்கும், கழுத்து விழித்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வலது புருவத்துக்கு மேல் ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டினார்கள், எந்தக் கண் என்று தவறிப்போகாமல் இருக்க. பச்சைச் சட்டை, தலைக்குத் துணித்தொப்பி. ஊசி போடும் அறையில் என்னைப் படுக்க வைத்து, நேராக மேலே பார்க்கச் சொன்னார்கள். எல்லோரும் நினைப்பதுபோல ஊசியைக் கண்ணுக்குள் குத்துவதில்லை. கீழ் இமைக்கு அடியில், எலும்பு தட்டுப்படும் இடத்தில், கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கிற சந்தில் மருந்தை விடுகிறார்கள். குத்தும்போது சுருக்கென்று இருந்தது. மருந்து இறங்கும்போதுதான் கஷ்டம். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு பாரம். பிறகு பஞ்சு வைத்துக் கண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார்கள், மருந்து உள்ளே பரவுவதற்காக. கொஞ்ச நேரத்தில் இமை தானாகக் கீழே விழுந்தது. கண்ணைத் திருப்பிப் பார் என்றார்கள், திரும்பவில்லை. பார்வையும் மெல்ல மெல்ல அணைந்தது. ஊசியின் வேகம் இறங்கியதும் எல்லாம் திரும்பி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் ஒரே கண் உள்ளவனுக்கு அது அணைகிற நிமிஷம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. நான் பயந்தது அப்போதுதான். அப்போது அசையாமல்தான் கிடந்தேன்.

என்னைக் கைப்பிடித்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நிலத்துக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வலித்ததா என்று கேட்டார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது ஐயா, ஒன்றும் இல்லை என்றேன். பொய்தான். ஆனால் அவர் என் கையை இறுகப் பிடித்திருந்தார். பிறந்ததிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒன்றும் தெரியாத இருட்டில் உட்கார்ந்துகொண்டு, என்னைவிடக் கண் தெரிகிற ஒருவருக்கு நான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவரை ஊசிக்கு அழைத்துப்போனார்கள்.

ஆபரேஷன் அறையில் இரண்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போது மற்றதில் அடுத்த ஆளைத் தயார் செய்வது வழக்கமாம். என்னைப் படுக்க வைத்து முகத்தின் மேல் துணி போர்த்தி, கண்ணுக்கு நேராக மட்டும் ஓட்டை விட்டார்கள். மூச்சுக்குத் துணிக்குள் ஒரு குழாய் வைத்தார்கள். அந்த நர்ஸ் காதருகே குனிந்து இரண்டு தடவை சொன்னாள்.

"தாத்தா, தலைய மட்டும் அசைக்கக் கூடாது. இருமல் வந்தா விரலத் தூக்குங்க, டாக்டர் கைய எடுத்துடுவாரு. யாராவது ஏதாவது கேட்டாக்கூட தலையாட்டாதீங்க, பேசாதீங்க."

சரி என்று தலையாட்டப் போய், நிறுத்திக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

வலி துளியும் இல்லை. அணைந்துபோயிருந்த கண்ணுக்குள் எங்கோ ரோஸ் நிறத்திலும் நீலத்திலும் வெளிச்சம் மிதந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. உள்ளே இருக்கிற புரையை உடைத்து உறிஞ்சும் மெஷின் ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. டாக்டர் பாதி முடிந்தது, நல்லா ஒத்துழைக்கிறீங்க என்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மலை தெரியும், கழனி இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து மேஜையில் நிலத்துக்காரரைப் படுக்க வைத்து முகத்தை மூடினார்கள். அவருக்குத் துணியை மூடியதும் மூச்சுமுட்டியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. பிறகு கூப்பிட்டார்.

"கோதண்டம்."

நான் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாழ்நாளில் அவர் கூப்பிட்டு நான் குரல் கொடுக்காமல் இருந்தது அன்றுதான் முதல்முறை. நர்ஸ் அவரிடம் ஏதோ சொன்னாள், பேசாதீர்கள் என்றிருப்பாள். அவர் கேட்கவில்லை. பயத்தில் அவர் குரல் இன்னும் உயர்ந்தது, அவருடைய அப்பா களத்துமேட்டிலிருந்து என் அப்பாவைக் கூப்பிடுகிற அதே குரலாக மாறியது.

"டேய் கோதண்டம், இருக்கிறியாடா?"

என் கழுத்து எழுந்தது. நான் எழுப்பவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். 'இருக்கேங்க' என்று வாய் சொன்னது. அதே நேரத்தில் டாக்டர் ஐயோ என்றதும், ஒரு கை என் நெற்றியைப் பிடித்து மேஜையோடு அழுத்தியதும், மெஷின் சத்தம் நின்றதும் எல்லாம் ஒன்றாக நடந்தன. அப்புறம் அந்த அறையில் யாரும் என்னிடம் நல்லா ஒத்துழைக்கிறீங்க என்று சொல்லவில்லை.

நடந்தது என்னவென்று டாக்டர் மாலையில் உட்கார்ந்து விளக்கினார். லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. பழைய லென்ஸை எடுத்துவிட்டு அதே பைக்குள்தான் புதியதை வைப்பார்கள். வெங்காயத் தோலைவிட மெல்லிசான பை. நான் தலையைத் தூக்கியபோது உள்ளே இருந்த கருவி பட்டு அந்தப் பை கிழிந்துவிட்டது. உடைத்துக்கொண்டிருந்த புரையின் ஒரு துண்டு கிழிசல் வழியாகக் கண்ணின் பின்பக்கம் விழுந்துவிட்டது. அதை எடுக்கக் கண்ணின் பின்பகுதியைப் பார்க்கிற வேறு டாக்டர் வேண்டும், பாண்டிச்சேரிக்குத்தான் போகவேண்டும் என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்கமுடியவில்லை, குரல் உடைந்திருந்தது.

இருமல் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வலித்ததா என்றார். அதுவும் இல்லை என்றேன்.

"பின்ன எதுக்குங்க தலையத் தூக்கினீங்க?"

"கூப்ட்டாங்க சார்."

"அந்த பேஷன்ட் கூப்பிட்டது எனக்கும் கேட்டுது. அவர் கூப்பிட்டா நீங்க ஏன் எந்திரிக்கணும்? உங்களுக்கு ஆபரேஷன் நடந்துட்டு இருக்கு இல்லையா?"

 அவருக்கு நிஜமாகவே புரியவில்லை, கோபத்தில் கேட்கவில்லை. எந்தப் புத்தகத்தில் படித்து அவர் இதைத் தெரிந்துகொள்ள முடியும்? பக்கத்துக் கட்டிலில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த சடையன் மட்டும், அவருக்கு அந்தப் பழக்கமுங்க சார் என்று சொன்னார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனார்.

அஞ்சலைக்கு நானே சொன்னேன். எனக்கு ரசஞ்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"செத்துக் கெடந்தாகூட அவரு கூப்ட்டா எழுந்துக்கினு போவீங்களா?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மீதிச் சோற்றையும் ஊட்டி முடித்தாள், வாயைத் துடைத்துவிட்டாள். பாத்திரத்தைக் கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

நிலத்துக்காரருக்கு ஆபரேஷன் அருமையாக நடந்தது. நர்ஸ் ஒருத்தி கடைசிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவரில் எழுதியிருந்த சின்ன எழுத்துகளைக்கூடப் படித்துக்காட்டினார். என் கட்டிலருகே வந்து, கவலைப்படாதே, ஆண்டவன் இருக்கிறான் என்றார். அவர் மகன் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஊசிக்கும் மெஷினுக்கும் பயந்துட்டான் பாவம், தலையைத் தூக்கிட்டான் என்று சொன்னார். என் காதுபடத்தான் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. கூப்பிட்டது அவருக்கு ஞாபகம்கூட இருந்திருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறவர், எதை ஞாபகம் வைத்துக்கொள்வார்? அந்தப் பேச்சுதான் அவருக்கு முன்னால் கார் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தது. அன்று எனக்கு வந்த கசப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போனோம். கட்டுப்போட்ட கண்ணோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள், உளுந்தூர்ப்பேட்டை வந்துடுச்சி, இப்ப விழுப்புரம் என்று. எனக்குத் தேவையில்லைதான். ஆனால் அந்தக் குரல் நின்றால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே தெரியாமல் போய்விடும்போல இருந்தது.

அங்கே மயக்க மருந்து கொடுப்பதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். இந்தத் தடவை என்னை முழுசாகத் தூங்க வைத்துவிடுங்கள் அம்மா என்று கும்பிட்டுக் கேட்டேன். என் இதயப் படத்தைப் பார்த்தார், முதுகில் குழாய் வைத்து மூச்சைக் கேட்டார். இளமையில் குடித்த பீடி அங்கே வந்து நின்றது. முழு மயக்கம் உங்கள் நெஞ்சுக்கு நல்லதில்லை, தெளியும்போது இருமல் வந்தாலும் கண்ணுக்குக் கெடுதல், அதனால் இதற்கும் கண்ணைச் சுற்றித்தான் ஊசி என்றார். போன தடவை என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஏன் எழுந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"அப்ப தலையைப் பட்டை போட்டு மேஜையோட கட்டிடறேன். என் கை உங்க கைமேல இருக்கும். உங்க பேரை இந்த ரூம்ல யாரும் சொல்லமாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார். நெற்றியின் குறுக்கே அகலமான பிளாஸ்திரியை ஒட்டி இரண்டு பக்கமும் மேஜையோடு இழுத்துக் கட்டினார். என்னைக் கூப்பிட வேண்டியிருந்தபோதெல்லாம் அப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளைபோல என்னைப் பார்த்துக்கொண்டார்கள் என்றாலும் பொய்யில்லை. ஆனால் ஒரு மனுஷனின் கழுத்தைக் கட்டிப்போட்டால்தான் அவனுக்கு வைத்தியம் செய்யமுடியும் என்ற நிலைமையை நினைத்து, கட்டுக்குள்ளேயே எனக்கு வெட்கமும் ஆத்திரமும் பொங்கின.

பின்னால் விழுந்த துண்டை எடுத்தார்கள். வேறு வழியில் ஒரு லென்ஸும் வைத்தார்கள். ஆனால் விழித்திரை என்று கண்ணின் அடிச்சுவரில் ஒரு படலம் இருக்கிறது, நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதில் ஒரு கிழிசல் இருந்ததாம். அது ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்து அனுப்பினார்கள். வாயு மேலே போய் அந்த இடத்தை அழுத்தவேண்டுமானால் நான் முகம் குப்புறத்தான் இருக்கவேண்டும். சாப்பிடும்போதும் குனிந்தபடி, தூங்கும்போதும் குப்புற. டாக்டர் சொல்லும்வரை அப்படித்தான். தலையைத் தூக்கினால் ஒட்டினது விட்டுப்போகும் என்று எச்சரித்தார்கள். மறுபடியும் அதே கழுத்துதான்.

வீட்டில் அஞ்சலை ஒரு ஏற்பாடு செய்தாள். இரண்டு தலையணைகளுக்கு நடுவே முகம் வைக்க இடம் விட்டு, மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டாள். டம்ளரில் உறிஞ்சு குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் தைலம் தேய்த்தாள். மகள் போனில் சொட்டுமருந்து நேரத்தை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாள். முதுகெலும்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. மூக்கில் நீர் கட்டி, முகம் வீங்கி, தரையின் சிமெண்டு வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டு கிடந்தேன்.

இப்போது எவ்வளவு தெரிகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தடித்த கண்ணாடி போட்டால் பெரிய எழுத்து தெரியும், இதை அப்படித்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு இடம் எப்போதும் கசங்கித் தெரிகிறது. நேர்க்கோடு வளைகிறது. ஆள் வருவது தெரியும், முகம் தெரிவதற்குக் கிட்டே வரவேண்டும். மலை தெரிகிறது, நீலமாக ஒரே மொத்தையாக. பயிரையும் களையையும் பிரித்துப் பார்க்கமுடியாது. பிரித்துப் பார்க்கவேண்டிய தேவையும் இப்போது இல்லை. அது ஏன் என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

குப்புறக் கிடந்த நாட்களில் ஒரு காலை நிலத்துக்காரர் என்னைப் பார்க்க வந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்ததும் கூப்பிட்டார்.

"கோதண்டம்."

இரண்டு உள்ளங்கைகளும் பாயில் ஊன்றின. கழுத்து கிளம்பியது. அஞ்சலையின் கை என் பிடரியில் வந்து விழுந்தது, களை வெட்டிக் காய்த்துப்போன கை, முழு பலத்தோடு அழுத்தியது. மூக்கு பாயில் நசுங்கியது.

"அவரு எழுந்திரிக்கக் கூடாதுங்க. டாக்டர் ஆர்டரு."

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார் அவர். கட்டிலில் உட்கார்ந்தார் போலிருக்கிறது, சட்டம் முனகியது. அவர் கால்களுக்கு நேராகத்தான் என் தலை இருந்தது. "இதுக்குப்போய் இப்டி விழுந்து கெடக்கணுமா? போதும்டா, நமக்குள்ள இன்னாத்துக்கு இந்த மரியாதலாம்."

சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் மகன் வாசலில் நின்று சிரித்ததும் கேட்டது. பிறகு தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். ஏரிக்கரையில் நின்றால் மலைமேல் மரங்கள் தனித்தனியாகத் தெரிகிறதாம். இத்தனை நாள் ஊசிக்குப் பயந்தது எவ்வளவு மடத்தனம் என்றார். நான் சொன்ன தைரியத்தில்தான் செய்துகொண்டேன், அதை மறக்கமாட்டேன் என்றும் சொன்னார். அது உண்மையாகவே மனசிலிருந்து வந்தது. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

எழுந்திருக்கும்போது கழனியைப் பற்றிச் சொன்னார்.

"இந்தப் போகத்துக்கு ஏரிக்கரை கழனிய வேற ஆளுகிட்ட உட்டுருக்கேன். நீ கண்ணப் பாரு. சரியாச்சுன்னா அப்பால பேசிக்கலாம். இன்னா சொல்ற?"

அஞ்சலையின் கை இன்னும் என் பிடரியில்தான் இருந்தது. அது இறுகியது. எதற்கு இறுகியது என்று எனக்குத் தெரியும். கழுத்து அசையவில்லை, ஒரு நூல்கூட அசையவில்லை.

"சரிங்க ஐயா," என்றேன். பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவருக்கு நன்றாகக் கேட்டது.

செருப்புச் சத்தம் தெருவில் இறங்கி, கார் கதவு சாத்தி, வண்டி கிளம்பியது. அதன் பிறகுதான் அஞ்சலை கையை எடுத்தாள். 

"கழுத்த நான் புடிச்சிக்கினேன். வாய யாரு புடிச்சிக்கிறது?"

 சொட்டுமருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மகளிடமிருந்து போன் வந்தது. அவள் மருந்தை எடுத்துவரப் போனாள், நான் முகத்தைக் குப்புற வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.